பலாக்கட்டையில் வயலின் தலை

வயலினுக்கு எதற்குத் தலை என்று என் மகள் கேட்டாள். நாலு வயது. புக்கிட் செந்தோசாவில் எங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு கல்யாணம். மேடையில் வயலின் வாசித்தவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அது ஏன்மா நத்தை மாதிரி சுருண்டிருக்கு? அதுலயா சத்தம் வருது?" என்றாள்.

"இல்லம்மா, அது அழகுக்கு" என்றேன். சொன்ன பிறகு சந்தேகம் வந்துவிட்டது. அழகுக்கு மட்டும்தானா? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபோதும் அதே யோசனை. பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில்களில் பாதியை இப்படித்தான் பின்னால் மனத்துக்குள் திருத்திக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் அப்படித்தானா? ரப்பர்த் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் பிறந்து, படித்து, இன்று ரவாங்கில் ஆபீசுக்கும் பிள்ளையின் நர்சரிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் என் வயதுப் பெண்களைத்தான் கேட்கிறேன். என்னைவிட நிதானமாகப் பதில் சொல்கிறவர்கள் உங்களில் இருக்கக்கூடும்.

ஆனால் ஒன்று. வயலின் தலை எப்படி உண்டாகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எண்பதுகளின் நடுவில், எங்கள் லயத்தின் பின்புறக் கோழிக்கூண்டு ஓரமாக. செதுக்கியவள் என் அம்மா. அதற்கு முன் அவள் மரத்தில் ஒரு கரண்டிகூடச் செய்ததில்லை.

எனக்கு அப்போது எட்டு அல்லது ஒன்பது. அக்கா இடைநிலைப் பள்ளியில் ஃபாரம் ஒன் போய்க்கொண்டிருந்தாள். கோலசிலாங்கூர் கோயிலுக்கு யாரோ ஒரு புண்ணியவான் வயலின்கள் வாங்கிக் கொடுத்திருந்தார். எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே கருஞ்சிவப்பு. அங்கே ஒரு டீச்சரம்மா சனிக்கிழமை காலையில் சொல்லிக்கொடுத்தார்கள். சுமாராக வாசிக்க வந்த பிள்ளைகளிடம், வீட்டில் பழக என்று ஒன்றைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது.

அது வீட்டுக்கு வந்த நாளில் லயமே வந்து பார்த்தது. அப்பாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதும் சரியில்லை. அவருக்கு அது எதற்கு என்று புரியவில்லை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஏற்றினால் இறக்க வேண்டும், எடை போட வேண்டும், எதையும் அப்படித்தான் பார்ப்பார்.

"சரஸ்வதி பூசையில பிள்ளைங்கள மேடையேத்துவாங்களாமே. ஏறி உக்காந்து வாசிக்கட்டும், பாக்குறேன். அப்பறம் மேல சொல்றேன். இல்லன்னா சனிக்கிழமை அவங்கம்மாகூட காட்டுக்குப் போயி ஒட்டுப்பால் எடுக்கட்டும்."

ஒட்டுப்பால் என்றால், அம்மா பால் வெட்டும் ரப்பர் மரங்களின் வெட்டுவாயில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால். நாற்றம் மூன்று நாளைக்கு விரலை விட்டுப் போகாது. அக்கா அன்று ராத்திரிச் சோறு உண்ணவில்லை. அம்மா மறுநாளிலிருந்து, அக்கா வயலினை எடுக்கும் நேரத்தில், பக்கத்து வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.

தலை போனது மாமாவால். மாமா அம்மாவின் தம்பி. எங்கள் தோட்டத்திலேயே எருப் போடும் வேலை. சனிக்கிழமைகளில் அக்காவைத் தன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். அன்று நேரே வராமல், யாரையோ பார்க்க வேண்டும் என்று சுங்கை புரோங் வழியாகச் சுற்றியிருக்கிறார். அங்கெல்லாம் வயலுக்குத் தண்ணீர் போகும் பெரிய வாய்க்கால், அதன் மேல் ஒடுக்கமான பாலங்கள். துணிப்பையில் இருந்து வயலினின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாலத்தின் இரும்புக் கம்பியில் அது இடித்தது. "டப்புனு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா தண்ணியில வட்டம் வட்டமா போகுது" என்று அக்கா சொன்னாள். மாமா சட்டையோடு இறங்கித் தேடியிருக்கிறார். காப்பி நிறத் தண்ணீர். ஒன்றும் அகப்படவில்லை.

வயலினை எங்கள் பாயில் வைத்துப் பார்த்தோம். கம்பிகளை முறுக்கும் பிருடைகள் நாலும் பத்திரம். அவற்றுக்கு மேலே, சுருள் தொடங்கும் கழுத்தில், ஒடித்த கரும்பு போல நார் நாராக நின்றது.

"தலைதானே யக்கா போச்சு. கம்பி எல்லாம் இருக்கேலா" என்றார் மாமா, ஈரக் காற்சட்டையைப் பிழிந்தபடி.

"உன் தலை போனா இப்படிச் சொல்லுவியாடா?" என்றாள் அம்மா.

நான் ஒரு கம்பியைச் சுண்டினேன். முன்பு வந்த அதே சத்தம். "அம்மா, சத்தம் வருதும்மா" என்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அக்கா மட்டும் வில்லை எடுத்து, சப்பணமிட்டு உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். நம் ஊர் முறையில் வயலினை வாசிக்கும்போது தலையை வலது கணுக்காலில் ஊன்றுவார்கள் இல்லையா, அங்கேதான் தொல்லை. ஒடிந்த முனை தோலில் குத்தியது. ஒரு வரி முடிவதற்குள் வயலின் வழுக்கிக்கொண்டு பாய்க்குப் போனது.

அம்மா அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். "மூளியாப் போனதைத் தொடாத. மூக்கு ஒடஞ்ச சாமியை யாராச்சும் கும்புடுவாங்களா? இதுவும் அப்படித்தான். தலை வந்தப்பறம் வாசி."

அம்மாவுக்கு அது சாமி காரியம். கோயில் சொத்து, அதிலும் சரஸ்வதி. தலையில்லாமல் வாசித்தால் பிள்ளைக்குப் படிப்பு தங்காது என்று நிஜமாகவே பயந்தாள். அதைவிடப் பெரிய பயம், டீச்சர் பார்த்தால் இனி வராதே என்று சொல்லிவிடுவார்கள் என்பது. அதையும்விடப் பெரியது, அப்பாவுக்குத் தெரிந்தால் மேடைப் பேச்சே முடிந்துவிடும் என்பது. இந்த மூன்றில் எது முதலில், எது கடைசியில் என்று இப்போது யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளை கண்ணாடி டம்ளரை உடைத்தால்கூட நானும் மூன்று பேரை நினைத்துப் பயப்படுகிறேன், அவர்கள் யாரும் அங்கே இல்லாதபோது.

ஆக, தலையை நாமே செய்துவிடுவது, அதுவரை யாருக்கும் சொல்லாமல் இருப்பது என்று முடிவாயிற்று. வயலின் மறுபடி பையில் ஏறி ஆணியில் தொங்கியது. தலை இருந்த இடத்தில் என் பழைய கவுனைச் சுருட்டிச் செருகினாள் அம்மா. கீழே பாயில் இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

டீச்சருக்கு என்ன சொல்வது? "அதை நான் பாத்துக்குறேன்" என்றார் மாமா. அடுத்த சனிக்கிழமை தனியாகப் போய் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளைக்கு அம்மா வார்த்திருக்குன்னு சொல்லிட்டேன். இனிமே ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கமாட்டாங்க. எப்படி என் மூளை?"

அம்மா கையில் இருந்த அகப்பையாலேயே அவரை அடித்தாள். "பொய் சொல்லச் சொன்னா ஆத்தா பேரையாடா இழுப்ப? காய்ச்சல்னு சொன்னா வாய் வெந்துருமா?"

சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. அம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பொய்யைப் பாதியாவது மெய்யாக்கிவிடுவது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. அதனால் எங்கள் வீட்டிலும் தாளிப்பு நின்றது. கொப்புளம் ஒன்றுகூட இல்லாத அக்கா மோரும் சோறும் தின்றாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அம்மா வெகுநேரம் வாய்க்குள் எதையோ பேசிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் பார்த்து அப்பா பாகான் நக்கோடா ஓமார் மீன் சந்தையில் லோரியை நிறுத்தி நல்ல கெம்போங் மீனாக வாங்கி வந்தார். மீனே ஆகாதுதான், அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது?

"என்னா புள்ள இது? இத்தனை மீனையும் குழம்புல போட்டுட்ட? நாலு துண்டு வறுத்தா என்னா?"

"வயித்துக்கு ஆகலீங்க."

"யாரு வயித்துக்கு?"

"எல்லாரு வயித்துக்கும்."

அப்பா எங்கள் எல்லாரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு குழம்பை ஊற்றிக்கொண்டார்.

செதுக்கும் கதைக்கு வருகிறேன். அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு நேரே கோழிக்கூண்டுக்குத்தான் ஓடுவேன். அம்மா காலையில் பால் வெட்டி, மதியம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, சோறாக்கி, பிறகு அங்கே வந்து உட்கார்வாள். அப்பாவின் லோரி சாயங்காலம்தான் திரும்பும். அதுவரை அவள் நேரம்.

முதல் கட்டை ரப்பர் மரம். எங்கள் பக்கத்தில் அப்போது ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் கட்டை. அம்மா அதைப் பால் வெட்டும் கத்தியாலேயே செதுக்கினாள். அந்தக் கத்தியின் நுனி மடங்கிக் குழிவாக இருக்கும், தன் பக்கமாக இழுத்து வெட்டுவது. பச்சை மரம் சவர்க்காரம் மாதிரி வந்தது. ஒரே சாயங்காலத்தில் தலை மாதிரி ஒன்று உருண்டு வந்துவிட்டது. நாங்கள் ஆடாத குறை. இரண்டொரு நாளில் அது குறுக்கே வாயைப் பிளந்தது. அதற்கடுத்த நாள் நீலப் பூஞ்சணம். மோந்து பார்த்தேன், பழைய சோற்றுப் பானை வாசம்.

"மரத்துமேல இத்தனை வருசம் சாஞ்சு நின்னிருக்கேன். உள்ள இருக்குற கட்டையைப் பத்தி ஒண்ணும் தெரியலயே எனக்கு" என்றாள் அம்மா. கோபமாக இல்லை, ஆச்சரியமாக.

வீணை பலா மரத்தில் செய்வது என்று டீச்சர் ஒரு முறை சொன்னது அக்காவுக்கு நினைவு வந்தது. லயத்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால் பல நாளுக்கு முன் வெட்டிய பலாமரம் விறகாகக் கிடந்தது. நன்றாகக் காய்ந்தது, மஞ்சள் நிறம். மாமா அறுத்துக் கொண்டுவந்தார். இந்த ஒரு வேலையை அவர் சொன்ன நாளில் சரியாகச் செய்தார் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மாதிரிக்குத்தான் ஒன்றும் இல்லை. சுருள் எப்படி இருந்தது என்று அக்கா கரித்துண்டால் சிமெண்டுத் தரையில் வரைந்தாள். அழித்தாள். வரைந்தாள். தினம் தொட்டுப் பார்த்த பொருள், கண்ணை மூடினால் தெரிகிறது, கையில் வரவில்லை. கடைசியாக ஒன்று சரியாக வந்தது. அதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக வரைந்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்துக் கட்டையின் ஒரு பக்கத்தில் ஒட்டினார்கள். ஒரு பக்கத்தில் மட்டும்.

இடுக்கி கிடையாது. அம்மா முக்காலியில் உட்கார்ந்து, கட்டையை இரண்டு உள்ளங்காலுக்கும் நடுவே இறுக்கிக்கொள்வாள். கால் விரல்கள் கட்டையைச் சுற்றி வளைந்து நிற்பதைப் பார்க்கக் குரங்குக் கால் போல இருக்கும். சொன்னால் சிரிப்பாள். முதலில் ரம்பத்தால் சுற்றி வெட்டி ஒரு மொத்தையான கொண்டை. பிறகு கத்தி. பலாக்கட்டை ரப்பர் மாதிரி இடம் கொடுக்கவில்லை. ஒரு பக்கம் கத்தி தேனாக இறங்கும், கொஞ்சம் வளைந்தால் படக்கென்று ஒரு சில்லு பெயர்ந்து வரும். ஏன் என்று எனக்கும் தெரியவேண்டும், அம்மாவுக்கும் தெரியவேண்டும். பெயர்ந்த சில்லுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். மரத்துக்குள் நார் நேராக ஓடுகிறது, சுருளோ வளைகிறது. அதனால் கால்வட்டத்துக்கு ஒரு தரம் கத்தி திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் நாரின் கீழே புகுந்து நெம்பிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று அம்மாவின் கட்டைவிரலில் துணிக்கட்டு இருந்தது. அப்பா கேட்டதற்கு மரத்தில் கத்தி வழுக்கியது என்றாள். பொய்யில்லை.

சுருள் உள்ளே போகப் போக ஒவ்வொரு சுற்றும் ஒரு படி உயர்ந்து, நடுவில் ஒரு பொட்டு மாதிரி முடியும். அந்தப் பொட்டு கட்டையிலிருந்து வெளியே வந்த சாயங்காலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதுவரை அது கட்டை. அம்மா ஊதித் தூசியைத் தட்டியதும், என்னைப் பார்த்து விழித்தது. உடைந்த போத்தல் கண்ணாடியால் சுரண்டச் சுரண்ட மஞ்சள் இன்னும் பளிச்சென்று வந்தது. மாம்பழ நிறத்தில் சுருள் சுருளாகச் சீவல் விழுந்து, கோழிகள் அதைத் தின்னப் பார்த்துத் துப்பின.

"நீ என்னாம்மா, தச்சர் வேலைக்கே போயிடலாம் போல" என்றாள் அக்கா. அம்மாவுக்கு வெட்கம்.

மறுபக்கத்துக்குத் தாள் ஒட்டவில்லை. ஒரு பக்கம் செய்தாகிவிட்டதே, கை பழகிவிட்டதே என்று கண்ணளவிலேயே இறங்கினாள். வேகமாகவும் போனது. எனக்கோ அதில் என்னவோ நெருடிக்கொண்டே இருந்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

லயத்துச் சாக்கடை ஓரத்தில் பாக்கு கீரை முளைத்திருக்கும், ஒரு வகைப் பெரணி. மலாய்க்காரர்கள் தேங்காய்ப்பாலில் சமைப்பார்களே, நுனி சுருண்ட குருத்து. ஒன்றைப் பறித்து வைத்துக்கொண்டு, அதையும் கட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். குருத்தைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன். பிறகு எழுந்து அம்மாவிடம் போனேன்.

"அம்மா, இங்கேருந்து பாத்தா இந்தப் பக்கமா சுத்துது. திருப்பினா அந்தப் பக்கமா சுத்துது. நம்மளுது ரெண்டு பக்கமும் ஒரே பக்கமா சுத்துதும்மா."

கத்தி நின்றது. அம்மா குருத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, எனக்கு இது நன்றாக நினைவிருக்கிறது, வெறுங்கையைக் காற்றில் வைத்து மரம் வெட்டுவது போல இழுத்துப் பார்த்தாள். இடது பக்கம் மேலே தொடங்கி, வலது பக்கம் கீழே. ரப்பர் மரத்தில் வெட்டு எப்போதும் அப்படித்தான் சாயும். எந்தத் தோட்டமானாலும், எந்த மரமானாலும். பன்னிரண்டு வயதிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கான மரத்தில் அந்த ஒரே சாய்வில் இழுத்த கை. முதல் பக்கத்தில் காலண்டர் தாள் அந்தக் கையைப் பிடித்து நடத்தியது. இரண்டாம் பக்கத்தில் பிடிக்க ஆளில்லாததால் தன் பழைய பாதையிலேயே போய்விட்டது. அந்தப் பக்கத்துச் சுருள், வெளிவளைவோடு சேராமல், பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற முகம் மாதிரி இருந்தது.

மாமா வந்து பார்த்தார். "பரவாலலா யக்கா. முன்னாலயும் போகும், பின்னாலயும் போகும். நம்ம மச்சான் லோரி மாதிரி."

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. புதிதாகத் தொடங்க நாளில்லை, பூசை நெருங்கிவிட்டது. ஒட்டுக் குச்சி வைத்து, வெள்ளைப் பசை தடவி, வயலினின் கழுத்தில் பொருத்தி, கயிற்றால் கட்டிக் காயவைத்தார்கள். மற்றவை போலச் சிவப்பாக இருக்கட்டும் என்று குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவினாள். அக்கா ஊன்றிப் பார்த்ததும் கணுக்காலெல்லாம் கல்யாணப் பெண் மாதிரி சிவந்துபோனது. துடைத்தெடுத்துவிட்டு வெறும் தேங்காயெண்ணெய் தடவினாள். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

டீச்சர் வீட்டுக்குப் போகுமுன் அக்காவுக்கு வேப்பிலை போட்ட தண்ணீர் மூன்று தடவை ஊற்றினாள் அம்மா. வராத அம்மையை இறக்கினாள். என்னையும் கூட்டிக்கொண்டாள், பஸ்ஸில் போனோம்.

டீச்சர் பையைத் திறந்து தலையைப் பார்த்தார்கள். திருப்பினார்கள். மறுபடி திருப்பினார்கள். நான் பாக்கு கீரையைத் திருப்பியது போலவே. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அம்மா நல்லா எறங்கிப் போயிருக்கா. ஒரு வடுகூட விடல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சிருங்க டீச்சர். தலை ஒடஞ்சு போச்சு. அதான். இது நான் செஞ்சது."

"நீங்களா?" டீச்சர் வில்லை எடுத்து ஒரு நீளமான ஸ்வரம் இழுத்தார்கள். "கேளுங்க. தலை இருந்தாலும் இதே சத்தம்தான், இல்லாட்டியும் இதே சத்தம்தான். அன்னிக்கே கொண்டாந்திருந்தா ஒரு துணியைச் சுத்திக் குடுத்திருப்பேனேம்மா. இத்தனை சனிக்கிழமை விட்டுட்டீங்களே."

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தேன், கட்டைவிரல் தழும்பை இன்னொரு விரல் தேய்த்துக்கொண்டிருந்தது. என்னை ஒரு பயம் பிடித்தது. சத்தம் வருகிறது என்று நான் அன்றே சொன்னேனே, அதை இப்போது சொல்லிவிடுவேனோ என்று. சொல்லவில்லை.

வர்ணம் வாசிக்கும் பெரிய பிள்ளைகளின் வரிசையில் அக்காவின் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. "அவளை எழுப்ப முடியாதும்மா. வேணும்னா கீதம் வாசிக்கிற குட்டிங்களோட உக்காரட்டும். அதுதான் இவளுக்கு இப்ப மறந்திருக்காது."

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "குட்டிங்ககூடவா? எல்லாம் ஸ்டாண்டர்ட் டூ, ஸ்டாண்டர்ட் த்ரீ. சிரிப்பாங்கம்மா. நான் போகல."

"மேடைதானே. உக்காருடி."

"நீ உக்காரு."

"எனக்கு வாசிக்கத் தெரிஞ்சா உக்காந்திருப்பேன்" என்றாள் அம்மா. 

பூசைக்கு அப்பா லோரியிலேயே எங்களை அழைத்துப்போனார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை. மண்டபத்தின் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் அம்மா, அம்மாவின் இடுப்பில் சாய்ந்து நான். முதலில் பெரிய பிள்ளைகள் வர்ணம் வாசித்தார்கள். அப்பா எட்டி எட்டித் தேடினார். "நம்மளுது எங்க? காணோமே."  

பிறகு குட்டிகள் வந்தார்கள். பாவாடை தடுக்கி ஒன்று அழுதது. நடுவில் அக்கா உட்கார்ந்தாள். கோழிக்குஞ்சுகளுக்கு நடுவே கொக்கு மாதிரி, மற்றவர்களின் தலைகள் அவள் தோளுக்குத்தான் வந்தன. பக்கத்துக் குட்டி வில்லைத் தலைகீழாகப் பிடித்திருந்தது, அக்கா அதைத் திருப்பிக் கொடுத்தாள். வாசித்தார்கள். குட்டிகள் ஆளுக்கொரு பக்கம் ஓடின, அக்கா மட்டும் நேராகப் போனாள், முடிக்கும்போது எல்லாரும் அவளிடம் வந்து சேர்ந்தார்கள். நன்றாக இருந்ததா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சங்கீதம் தெரிந்தவர்களைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

அப்பா குனிந்து அம்மாவின் காதில் பேசினார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு.

"பாத்தியா புள்ள. பெருசுங்க எல்லாம் கூட்டமா உக்காந்து வாசிச்சுட்டுப் போச்சுங்க. நம்ம புள்ளையை மட்டும் தனியா வச்சு, அத்தனை குட்டிங்களையும் மேய்க்கக் குடுத்துட்டாங்க. ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர் வேலை."

அப்பா மேடையை நோக்கி விரலை நீட்டினார். 

"அந்தத் தலையைப் பாரு. மத்ததுங்க எல்லாத்துக்கும் சிவப்புத் தலை. இவளுக்கு மட்டும் மஞ்சத் தலை. மண்டோருக்கு வேற தொப்பி குடுக்குறாப்புல தனியா செஞ்சு குடுத்திருக்காங்க."

"ஆமாங்க" என்றாள் அம்மா, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "தனியாத்தான் செஞ்சிருக்காங்க."

அன்றுவரை அவள் சொன்ன பொய்களுக்கெல்லாம் மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்டவள், இதற்குக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

திரும்பி வரும்போது லோரியின் முன்பக்கத்தில் நாங்கள் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். சாவியைத் திருகப் போன அப்பா, கையை எடுத்து, "குடு, பாப்போம்" என்று அக்காவின் மடியிலிருந்து பையை வாங்கினார். வயலினைக் கழுத்துவரை வெளியே இழுத்தார். மஞ்சள் தலையைக் கட்டைவிரலால் தடவினார். திருப்பினார். மறுபக்கத்தில் விரல் நின்றுவிட்டது. லோரி லைசன்ஸ் எடுப்பதற்கு முன் அப்பாவும் பால் வெட்டியவர்தான். ஒரு வெட்டுவாயைப் பார்த்தால் அது யாருடைய கை என்று ரப்பர் நிரையில் நின்றபடியே சொல்லிவிடுவார் என்பார்கள். விரல் அந்த வெட்டின் மேலேயே, இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, ஒரு முறை இறங்கி வந்தது.  அம்மா கண்ணாடி வழியாக வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிடத்தில் அப்பா எதைத் தெரிந்துகொண்டார், எதைத் தெரிந்துகொள்ளவில்லை என்று கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் நான் எனக்குள் கேட்டுப் பார்க்கத் தொடங்கினேன். யாரிடம் கேட்பது என்று மட்டும் தெரியவில்லை.

பையின் வாயைச் சுருக்கிக் கட்டி, அவர் அதை அக்காவிடம் இல்லாமல் அம்மாவின் மடியில் வைத்தார்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு கிளாஸ்?"

"எட்டரைக்குப்பா" என்றாள் அக்கா.

"மாமா வண்டி வேணாம். நானே எறக்கி விடுறேன்" என்று சொல்லி அப்பா எஞ்சினைக் கிளப்பினார்.